லே ஃபோர் த லாத்தூர் 2008: இரண்டாம் ஒயினை எதனோடு வைத்து எடைபோடுவது?

நிலவறையன்:

நண்பர்களுக்கு வணக்கம். ஆறு ஆண்டுகளாகக் கிடைநிலையில் வைத்திருந்த லே ஃபோர் த லாத்தூர் 2008 பாட்டில்கள் இரண்டில் ஒன்றைச் சென்ற சனிக்கிழமை திறந்தேன். பிரான்சின் போர்தோவிலேயே குடியிருந்தாலும் இத்தகைய ஒயினை நினைத்தபோதெல்லாம் திறந்துவிட முடியாது. ஒன்றுக்கு 180 யூரோ கொடுத்து வாங்கியது என்பதால், அன்று காலையிலிருந்தே குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவசரமின்றிச் சுவைத்தேன்.

இத்தோட்டத்தைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையில் முதல் வகுப்பு பெற்ற நான்கு போர்தோ தோட்டங்களுள் ஷாத்தோ லாத்தூரும் ஒன்று; ஐந்தாவதாக மூத்தோன் ரோத்ஷில்த் சேர்ந்தது 1973-இல்தான். போயாக் ஊரின் தெற்கு எல்லையில், ஜிரோந்த் கழிமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் 47 ஹெக்டேர் சரளை மேட்டை லாங்க்லோ என்று அழைக்கிறார்கள். லாத்தூர் என்னும் பெயரைத் தாங்கும் முதல் ஒயின் அங்கிருந்து வருகிறது. லே ஃபோர் அத்தோட்டத்தின் இரண்டாம் ஒயின், அதாவது முதல் ஒயினுக்கு அடுத்த நிலையில் வேறு பெயரோடு விற்கப்படுவது; 1966 அறுவடையிலிருந்து தொடங்கியது.

பாட்டிலின் கழுத்துவரை ஒயின் நிறைந்திருந்தது. கார்க்கின் அடியில் மட்டும் கறை. முற்பகல் பதினொன்றுக்குத் திறந்து, வண்டல் கலங்காமல் கண்ணாடிக் குடுவையில் இறுத்தேன். சரிபாதியைச் சிறிய பாட்டில் ஒன்றில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். அதைப் பின்னர் சுவைத்து எழுதுகிறேன்.

நிறம் நடுவில் இன்னும் கருஞ்சிவப்புதான். விளிம்பில் மட்டும் செங்கல் நிறம் எட்டிப் பார்க்கிறது. முதல் அரை மணி நேரம் மணம் வாய்திறக்கவே இல்லை. மழை நனைத்த கல்லின் வாசமும் சற்றே இரும்பின் வாசமும் தவிர எதுவும் எழவில்லை. பிற்பகல் ஒரு மணிக்குமேல் கருந்திராட்சையும், புகையிலையும், பள்ளிநாளில் பென்சில் சீவும்போது மரமும் கரியும் சேர்ந்து வருமே அந்த மணமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாயில் வைத்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நன்கு பழுத்த நாவற்பழம்: அதே கருமை, அதே புளிப்பு, நாவின் ஓரங்களை இழுத்துப் பிடிக்கும் அதே துவர்ப்பு.

துவர்ப்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின்கள் எச்சிலிலுள்ள புரதங்களோடு பிணைவதால் நாக்கு உலர்கிறது. அறுசுவையில் ஒன்றாகவே அதை வைத்துப் பழகிய நமக்கு, ஒயினில் அதை அடையாளம் காணப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை. ஆனால் எல்லாத் துவர்ப்பும் ஒன்றல்ல. பிஞ்சு மாதுளையின் தோலைக் கடித்தாற்போல் வாயைக் கட்டிவிடும் துவர்ப்பு ஒன்று. ஊறிய பாக்கை மென்று முடித்தபின் கன்னத்தின் உட்புறத்தில் மெல்லிய மாவாகத் தங்கும் துவர்ப்பு மற்றொன்று. இந்த ஒயினில் இருந்தது இரண்டாவது வகை. 2008-இன் கோடை குளிர்ச்சியானது. பழம் மெதுவாக முதிர்ந்து, அக்டோபரில்தான் பெரும்பகுதி அறுவடையானது. அந்த ஆண்டின் இறுக்கம் ஒயினில் தெரிகிறது; ஆனால் அது முரடாக இல்லை.

குறை என்று நான் கண்டது நடுச்சுவையில். முதல் வீச்சுக்கும் முடிவுக்கும் இடையில் ஒரு மெலிவு இருந்தது. விழுங்கிய பின் சுவை அரை நிமிடத்துக்குள் ஓய்ந்துவிட்டது. என் மதிப்பு 20-க்கு 16.5.

இவ்விழையைத் தொடங்கியதற்குக் காரணம் மதிப்பெண் அன்று. உடன் சுவைத்த நண்பர் ஒருவர், "இது லாத்தூரின் நிழல், நிழலுக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்டார். நிழல் என்று சொல்லிவிட்டால், ஒரு ஒயினில் எது இல்லை என்பதை மட்டுமே தேடுவோம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் ஒயினை அதன் அண்ணனோடு ஒப்பிட்டுத்தான் எடைபோட வேண்டுமா, அல்லது அதே விலைக்கு அதே ஊரில் கிடைக்கும் ஒயின்களோடா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கடற்கரைச் சாலை:

தம்பி, குறிப்பு அருமை. நாவற்பழத்தை நீங்கள் சொன்னதும் புதுவையில் என் தாத்தா வீட்டு மரம் கண்முன் வந்தது. எனினும் உங்கள் நண்பர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

நான் நாற்பது ஆண்டுகளாக இந்நாட்டில் ஒயின் வாங்கி வருகிறேன். அக்காலத்தில் பெரிய தோட்டங்களின் இரண்டாம் ஒயின் என்பது, அத்தோட்டத்தின் கைவண்ணத்தை நடுத்தரக் குடும்பமும் அறிவதற்கான வாசலாக இருந்தது. அந்த வாசலை 2008-ஐ ஒட்டிய ஆண்டுகள் அடைத்துவிட்டன. லாத்தூரைப் போலவே முதல் வகுப்பு பெற்ற லாஃபீத்தின் இரண்டாம் ஒயினான கர்ருவாத் சீனச் சந்தையின் தேவையால் 2010, 2011-இல் எட்டிய விலையை நான் நேரில் பார்த்தவன். 1855 தரவரிசையில் வகுப்பு பெற்ற, தன்னைவிடத் தரத்தில் உயர்ந்த பல ஒயின்களைக் காட்டிலும் அது விலை கூடி நின்றது. லாஃபீத் தன் 2008 பாட்டிலின்மீது சீனர்கள் நல்லெண்ணாகக் கருதும் எட்டைச் சீன எழுத்தில் பொறித்ததும் இக்காலத்தில்தான். அங்கே விற்பனையானது திராட்சை ரசம் அன்று, பெயர்.

180 யூரோவுக்குப் போயாக்கிலேயே பிஷோன் கோந்தெஸ் கிடைக்கும்; அது இரண்டாம் வகுப்புத் தோட்டத்தின் முதல் ஒயின். லின்ஷ்-பாஜ் இதைவிடக் குறைந்த விலைக்கு வரும். ஒரு தோட்டம் தன் முழுத்திறனையும் கொட்டிச் செய்ததை விட்டுவிட்டு, இன்னொரு தோட்டம் ஒதுக்கிவைத்ததை நாம் ஏன் வாங்க வேண்டும்? விலையையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்றால், எடைத்தட்டு என் பக்கமே தாழும்.

செங்காந்தள்:

ஐயாவின் விலைக்கணக்கை நான் மறுக்கவில்லை. "ஒதுக்கிவைத்தது" என்னும் சொல்லைத்தான் மறுக்க விரும்புகிறேன், ஏனெனில் இரண்டாம் ஒயின் என்னும் ஒரே பெயருக்குள் வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன.

சில தோட்டங்களில் அது உண்மையிலேயே தேர்வில் பின்தங்கியது. அறுவடைக்குப் பின்வரும் குளிர்காலத்தில் ஒவ்வொரு தொட்டியின் ஒயினையும் தனித்தனியே சுவைத்து, முதல் ஒயினுக்கு எட்டாதவற்றை இரண்டாவதற்கு இறக்குவார்கள். இளங்கொடிகளின் பழம் பெரும்பாலும் இவ்வாறே இறங்கும், ஏனெனில் வேர் ஆழம் போகாத கொடியின் ஒயினில் மணம் இருந்தாலும் அடர்த்தி குறைவு. இத்தேர்வு கடுமையாகக் கடுமையாக முதல் ஒயின் உயர்கிறது என்பதை ஷாத்தோ மார்கோவில் கண்டோம். 1977-இல் மென்ட்ஸெலோபுலோஸ் குடும்பம் அத்தோட்டத்தை வாங்கியபின், நெடுங்காலம் நின்றுபோயிருந்த பவியோன் ரூஜ் மீண்டும் வந்தது. ஒயினியல் பேராசிரியர் எமீல் பெய்னோவின் ஆலோசனையோடு முதல் ஒயினும் தன் பழைய மதிப்பை மீட்டது. இவை இரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள்.

லே ஃபோரின் கதை அவ்வாறு தொடங்கவில்லை. லாங்க்லோவுக்கு வெளியே, மேற்கே கழிமுகத்திலிருந்து சற்று விலகிக் கிடக்கும் தோட்டத்துக்குச் சொந்தமான துண்டு நிலங்கள் 1960-களில் புதிதாக நடப்பட்டன. பெத்தி பதாயே என்பது அவற்றுள் ஒன்று. அந்நிலங்களின் பழமே இந்த ஒயினின் முதுகெலும்பு. லாங்க்லோவின் இளங்கொடிகளும், முதல் ஒயினுக்குத் தேர்வாகாத தொட்டிகளும் அதனோடு சேர்கின்றன. தேர்விலும் கீழே நிற்பவை போயாக் என்னும் ஊர்ப்பெயரோடு விற்கப்படும் மூன்றாம் ஒயினுக்குப் போகின்றன. ஆக, லே ஃபோரின் பெரும்பகுதி எங்கிருந்தோ இறங்கி வந்ததன்று. தன் நிலத்திலேயே பிறந்து, தன் பெயருக்கென்றே வளர்க்கப்பட்டது. மெர்லோ என்னும் திராட்சை வகை இதில் முதல் ஒயினைவிடக் கூடுதல். அதனால் சற்று முன்னதாகவே இளகிவிடுகிறது.

இந்தக் குழப்பத்தை ஒரு தோட்டம் தானே தீர்த்துக்கொண்டதும் உண்டு. போயாக்கின் அண்டை ஊரான சான்-ஜூலியனில் லெயோவில் லாஸ் காஸ் தோட்டத்தின் குளோ து மர்க்கீஸ் நெடுங்காலம் இரண்டாம் ஒயின் என்றே பேசப்பட்டது. அது தனி நிலத்தின் ஒயின் என்பதை வலியுறுத்த, 2007 அறுவடையிலிருந்து லு பெத்தி லியோன் என்னும் மெய்யான இரண்டாம் ஒயினை அவர்கள் கொண்டுவந்தார்கள். லாத்தூர் அவ்வாறு பெயர்மாற்றம் செய்யவில்லை என்பதற்காக நாம் லே ஃபோரை எச்சமாகக் கருதுவது சரியன்று.

மூத்தோன் காதேயையும் சிலர் இப்பட்டியலில் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அது இன்று போர்தோ வட்டாரத்தின் பல இடங்களிலிருந்து பழம் வாங்கிச் செய்யப்படும் வணிகப் பெயர். மூத்தோனின் இரண்டாம் ஒயின் 1990-களில் பிறந்த லு பெத்தி மூத்தோன்.

நிலவறையன்:

செங்காந்தள் அவர்களுக்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்ன நிலவேறுபாட்டை நான் காலால் நடந்து உணர்ந்திருக்கிறேன். போயாக்குக்குத் தெற்கே சாலையிலிருந்து கழிமுகத்தை நோக்கி நிலம் மெல்ல இறங்கும் இடத்தில், முட்டையளவு கூழாங்கற்கள் மண்ணே தெரியாதபடி பரவிக் கிடக்கின்றன. பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் அக்கற்களும், பக்கத்தில் இருக்கும் பெருநீர்ப்பரப்பின் இளஞ்சூடும் சேர்ந்து அந்த மேட்டைக் காக்கின்றன. 2017 ஏப்ரலில் உறைபனி போர்தோவின் பெரும்பகுதியைக் கருக்கியபோதும் கழிமுகக் கரைத் தோட்டங்கள் பெரிதும் தப்பின. மேற்கே போகப்போக அந்த அரண் குறைகிறது. இரண்டும் நல்ல நிலங்களே, எனினும் ஒரே நிலமல்ல. ஒன்றை மற்றொன்றின் நிழல் என்று ஏன் அழைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடற்கரைச் சாலை ஐயா, விலை பற்றிய உங்கள் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிஷோன் கோந்தெஸோடு வைத்து எடைபோடுங்கள் என்று நீங்கள் சொல்வதே, லாத்தூரோடு வைத்து எடைபோட வேண்டாம் என்று சொல்வதுதானே? அண்டை வீட்டாரோடு நிறுத்திப் பாருங்கள் என்பதே என் கோரிக்கையும்.

மணற்காடு:

அண்ணை, நான் பாரிஸில் ஓர் உணவகத்தின் வைன் அறையைப் பதினொரு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நீங்கள் இருவரும் விவாதிக்கும் ஒப்பீட்டை நாங்கள் சென்ற ஆண்டு செய்து பார்த்தோம். அதன் விவரம் பயன்படக்கூடும்.

2008-ஆம் ஆண்டின் லே ஃபோர், பிஷோன் கோந்தெஸ், லின்ஷ்-பாஜ் மூன்றையும் காகிதம் சுற்றி எண்ணிட்டு ஐந்து பேர் சுவைத்தோம். முதல் முயற்சி வீணாயிற்று. மூன்றில் ஒரு போத்தலில் பழத்தின் மணமே இல்லை. நனைந்த அட்டைப்பெட்டியின் வாசம் மெல்லியதாக இருந்தது. கார்க்கில் உருவாகும் டிரைகுளோரோஅனிசோல் என்னும் பொருளின் வேலை அது. அது மிகுதியாக இருந்தால் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மிகக் குறைவாக இருக்கும்போதுதான் ஆபத்து, ஏனெனில் அப்போது கெட்ட வாசம் எழாமல் நல்ல வாசம் மட்டும் அடங்கிவிடும், சுவைப்பவர் தோட்டத்தையே குறை கூறிவிடுவார். போத்தலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, மாற்றுப் போத்தலோடு இரண்டு கிழமைகளுக்குப் பிறகு மீண்டும் கூடினோம்.

ஊற்றிய உடனே சுவைத்தபோது ஐவரில் நால்வர் லே ஃபோரைக் கடைசியில் வைத்தார்கள். பிஷோன் கோந்தெஸ் பூப்போல மலர்ந்து வந்தது. லின்ஷ்-பாஜ் தாராளமாகப் பேசியது. லே ஃபோர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. இரண்டரை மணி நேரம் கழித்து மறுபடி சுவைத்தபோது மூவர் அதையே முதலில் வைத்தார்கள். மற்ற இருவரும் பிஷோன் கோந்தெஸை விட்டு இறங்கவில்லை. நானும் அந்த இருவரில் ஒருவன். ஆனால் காகிதத்தைப் பிரிக்கும் முன் எழுதிய குறிப்புகளில் எவரும், லே ஃபோருக்கு முதலிடம் கொடுக்காதவர்கள்கூட, இது ஏதோ ஒன்றின் குறைந்த வடிவம் என்று எழுதவில்லை. கடினம், நேர்மை, இரும்பு, கல் என்றே எழுதியிருந்தார்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. நடுச்சுவை மெலிந்தது என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை பாகை வெப்பத்தில் பரிமாறினீர்கள்? பிற்பகல் அறைவெப்பத்தில் குடுவையை விட்டிருந்தால் மதுச்சாரம் முன்னுக்கு வந்து பழத்தை மறைத்திருக்கும்.

நிலவறையன்:

நல்ல கேள்வி, தம்பி. அளக்கவில்லை. சமையலறை மேசைமீதே குடுவை இருந்தது. அன்று அறை 23 பாகைக்குக் குறையாமல் இருந்திருக்கும். மீதிப் பாதியை வெப்பமானி வைத்துச் சுவைத்துவிட்டு எழுதுகிறேன்.

புதுக்கொடி:

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. திருமணப் பரிசாக இதே ஒயினின் 2012 பாட்டில் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. வீட்டில் மிளகாய் தூக்கலான ஆட்டுக்கறிச் சுக்கா செய்து அதனோடு திறக்கலாம் என்று கணவர் சொல்கிறார். பொருந்துமா?

செங்காந்தள்:

ஆட்டுக்கறி மிகப் பொருத்தம். போயாக் வட்டாரமே பால் குடிக்கும் இளங்குட்டியின் இறைச்சிக்குப் பெயர்பெற்றது. கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கும். மிளகாய்தான் இடையூறு: அதன் எரிவு துவர்ப்பையும் மதுச்சாரத்தையும் பெருக்கிக் காட்டும், பழச்சுவை ஒதுங்கிப் போகும். மிளகாயைப் பெரிதும் குறைத்து, மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு மெதுவாக வறுத்தால், சுக்காவும் கெடாது, ஒயினும் கெடாது. உண்பதற்கு மூன்று மணி நேரம் முன்னர்த் திறந்துவிடுங்கள், சகோதரி. புளிக்குழம்பை மட்டும் அன்று தவிர்த்துவிடுங்கள்.

கடற்கரைச் சாலை:

மணற்காடு தம்பியின் குறிப்பை இருமுறை படித்தேன். ஐந்தில் மூவர் என்பது எதையும் நிறுவாது, அவரும் அவ்வாறு உரிமை கோரவில்லை. ஆயினும் பெயரை மூடிவைத்துச் சுவைத்த பின்னும் அந்த ஒயின் தன் இடத்தில் நின்றது என்பதை நான் மதிக்கிறேன். "ஒதுக்கிவைத்தது" என்னும் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவாக அதைச் சொன்னது பிழை.

விலையில் மட்டும் நான் அசையவில்லை. 2011 அறுவடையோடு லாத்தூர் தன் ஒயின்களைப் பீப்பாயில் இருக்கும்போதே முன்விற்பனை செய்வதை நிறுத்திக்கொண்டது; இப்போது குடிக்கும் பருவம் நெருங்கியபின்தான் தன் நிலவறையிலிருந்து வெளியே விடுகிறது. பாட்டில் எங்கே எப்படி இருந்தது என்னும் கவலை வாங்குபவருக்கு இல்லை; அது நல்லதே. ஆனால் அந்த ஆண்டுகளின் காத்திருப்பை முன்பு நாம் நம் நிலவறையில், நம் பொறுமையால் செலுத்தினோம். இப்போது அதைப் பணமாகச் செலுத்துகிறோம். இளமையில் மலிவாக வாங்கி, பிள்ளைகள் வளர்வதோடு ஒயினும் வளர்வதைப் பார்க்கும் வாய்ப்பு எங்களைப் போன்றவர்களுக்குப் போய்விட்டது. அது எனக்கு உண்மையான வருத்தம்.

நிலவறையன்:

ஐயா, உங்கள் வருத்தம் எனக்கும் உரியது. என் மகள் பிறந்த ஆண்டின் ஒயினை இளமையில் வாங்க நினைத்து முடியாமற்போனவன் நான்.

குளிர்பெட்டியில் வைத்திருந்த பாதியை நேற்றிரவு, ஐந்தாம் நாளில், திறந்தேன். 13 பாகையில் குவளையில் ஊற்றி, 16 பாகைக்கு வரும்வரை காத்திருந்தேன். கருந்திராட்சையின் மணம் சனிக்கிழமை இருந்ததைவிடச் சற்றுக் குறைவு. தேவதாரு மரத்தின் மணமும் உலர்ந்த தேயிலையின் மணமும் கூடுதல். நடுச்சுவையில் நான் கண்ட மெலிவைத் தேடித்தேடிப் பார்த்தேன். பெரும்பகுதி இல்லை. பழம் முதலிலிருந்து முடிவுவரை அறுபடாமல் ஓடியது. மணற்காடு தம்பி சுட்டிக்காட்டியதே சரி. ஒயினின் குறையென நான் எழுதியது என் மேசையின் வெப்பம். முடிவின் நீளம் மட்டும் முன்பு எழுதியபடியே குறைவுதான். 18 பாகைக்கு ஏறியபின் மறுபடி சுவைத்தபோதும் அரை நிமிடத்தைத் தாண்டவில்லை.

முதற்பதிவில் இருக்கும் மதிப்பை 17 என்று திருத்துகிறேன். மெலிவு பற்றிய வரியை நீக்காமல், அது எந்த வெப்பநிலையில் எழுதப்பட்டது என்னும் குறிப்போடு விட்டுவைக்கிறேன்; 2008-ஐ இனித் திறப்பவர்களுக்கு அது உதவும். என்னிடம் மீதமுள்ள ஒரு பாட்டிலை 2030-இல் திறப்பேன். ஐயா போர்தோவுக்கு வருவதாக இருந்தால், அதே ஆண்டின் பிஷோன் கோந்தெஸைக் கொண்டுவாருங்கள்; காகிதம் சுற்றும் வேலையை மகளிடம் கொடுத்துவிடுவோம்.

கடற்கரைச் சாலை:

வருகிறேன், தம்பி. பாட்டிலை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.